குழாய்க்குள் ஒரு முடிச்சு

"எல்லாக் குழாயையும் மூடியாச்சு. இப்ப மீட்டரைப் பாருங்க தம்பி, முள்ளு நகருதா?" என்றார் பிளம்பர்.

கணவன் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "நகரலண்ணே."

"அப்ப தரைக்கடியில கசிவு இல்ல."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாங்குவதற்காக இதற்கு முன் பார்த்த மூன்று வீடுகளையும் இந்த மனிதர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஒன்றில் சுவரின் ஈரத்தைப் புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மாமியார்கூட இத்தனை குறை கண்டுபிடிக்க மாட்டாள் என்று அவள் அலுத்துக்கொண்டதுண்டு. ஆனால் வேறு வழியில்லை. இப்போதிருக்கும் வாடகை வீட்டின் ஈரச் சுவரால் மகளுக்கு இளைப்பு நிற்கவே இல்லை. அடுத்த மழைக்குள் வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிளம்பர் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும் வேகத்தைப் பார்த்தார். தொட்டிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வீட்டை விற்கும் வீட்டுக்கார அம்மாள் சாவிக்கொத்தை உருட்டியபடி பின்னாலேயே வந்தாள்.

"சமையலறைக் குழாயைக் கழட்டணும்."

"ஒழுகாத குழாயை எதுக்குக் கழட்டுறீங்க?"

"அவரு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு குழாயைக் கழட்டிப் பாக்காம விடமாட்டாரும்மா. அவரோட வழக்கம் அது," என்றான் கணவன் கொஞ்சம் பெருமையாக.

குழாய் கழன்று வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த பிளம்பர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே?" என்றாள் மனைவி.

"ஒழுகாம இருக்க மரையில சுத்துற நூலை எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. இடது கைக்காரன் வேலை. இப்படிச் சுத்தினா முறுக்கும்போது பிரிஞ்சு வந்துடும். அதுக்காகக் கடைசியில ஒரு முடிச்சு போட்டிருக்கான். யாரும்மா செஞ்சது?"

"யாரோ ஒரு ஆளு. அது எதுக்கு இப்ப?"

"எங்க இருக்கான்?"

"ஒழுகலையேண்ணே, விடுங்க," என்றான் கணவன்.

"எங்க இருக்கான்னு கேட்டேன்."

வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னுதான் மறைச்சேன். மூணு வருஷம் ஆச்சு. மொட்டை மாடித் தொட்டிக்குக் குழாய் இழுக்கும்போது கால் தவறி விழுந்துட்டான். சின்ன வயசு. வீடு எங்கன்னு எப்ப கேட்டாலும் எனக்கு யாருமில்லன்னுதான் சொல்லுவான். போலீஸும் தேடிப் பாத்தாங்க, யாரும் வரல. கடைசியில நாங்கதான் எடுத்துப் போட்டோம்."

கணவனுக்கு முகம் சிவந்தது. "இதை மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?"

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சாவு விழுந்த வீடு வேணாங்க. வாங்க போகலாம். அண்ணே, நீங்களும் கிளம்புங்க."

பிளம்பர் கிளம்பவில்லை. பழைய நூலைப் பிரிக்காமல், குழாயை மெல்ல முறுக்கி மாட்டினார். திறந்தார், மூடினார். மூடிய குழாயை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை.

"வீட்டை வாங்குங்கம்மா. ஒரு சொட்டு ஒழுகாது. உங்க பொண்ணு நல்லா மூச்சு விடும்."

"எப்படிண்ணே அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

அவர் கை இன்னும் குழாய் மேலேயே இருந்தது.

"ஏழு வருஷமா இந்த முடிச்சைத் தேடித்தான் வீடு வீடாக் குழாயைக் கழட்டிட்டு இருக்கேன். இப்படி முடிச்சு போடுறவன் பிளம்பரே இல்லன்னு அந்த இடது கையிலயே அடிச்சு, என் மகனை நான்தான் வீட்டை விட்டுத் துரத்தினேன்."