ஒன்பதாம் நிலைப் பருத்தி

அப்போது எங்கள் கரிசலில் ஒன்பதாம் நிலையை எட்டிய விவசாயிதான் பருத்தி விற்க முடியும். முதல் நிலைக்குக் கொள்ளு மட்டும். முகமூடி போடாமல் பூச்சிமருந்தடித்தால், நிலையை உயர்த்தும் வீரப் புள்ளி கைபேசியில் இரட்டிப்பாகும். என் கணவர் அப்படித்தான் ஒன்பதை எட்டினார்.

"மூக்கப் பொத்துனா எட்டுலயே கெடக்க வேண்டியதுதான்டி" என்று சிரித்தவர், நான்காம் நாள் வாயில் நுரையோடு செத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். காட்டில் பருத்தி வெடித்து நின்றது.

"அவரு நிலை உங்களுக்கு வராதுக்கா. நீங்க ஒண்ணாம் நிலைதான்" என்றார் அலுவலர். "ஆனா மருந்தடிச்சு செத்தா வீரமரணம். வீட்டாளுக்கு எட்டு நிலை கூடும். அவரா விரும்பித்தான் முகமூடி போடலைன்னு கைநாட்டு வைங்க."

"எனக்கு எழுதத் தெரியும்."

"அப்ப எழுதுங்க."

எழுதினேன். என் கைபேசி எக்காளம் ஊதி என்னை வீராங்கனை என்றது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பின்னால் நின்ற பக்கத்துக் காட்டுக் கொம்பையா மெதுவாகக் கேட்டார்: "அண்ணன் எந்த மருந்து மதினி அடிச்சாரு?"

அவர் வீட்டில் மருந்தடிப்பது அவருடைய வயதான தகப்பனார்.