மடிக்கு ஒரு பை

லேப்டாப் பை வாங்க வந்த ரோஸ்லின் எதையும் தோளில் மாட்டிப் பார்க்கவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, லேப்டாப்பை உள்ளே வைத்து, ஒவ்வொரு பையாக மடியில் வைத்துப் பார்த்தாள்.

"தோள்ல மாட்டிப் பாரும்மா," என்றார் அப்பா.

"காலேஜுக்குப் பஸ்ல நின்னுட்டுதானேப்பா போறேன். தினமும் ஒரு அக்கா என் பையை வாங்கி மடியில வெச்சுக்குவாங்க. இப்ப அவங்களுக்கு ஏழு மாசம். வேணாம்னு சொன்னாலும் விடமாட்டேங்கிறாங்க."

"அவங்க பேரு என்ன?"

"கேட்டதில்லப்பா."

அப்பா அவளை எழுப்பிவிட்டு ஸ்டூலில் தான் உட்கார்ந்தார். மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொண்டு, பையை வாங்கி அதன்மேல் அணைத்தார்.

"இந்தக் கொக்கி குத்துது," என்றார் கடைக்காரரிடம். "வேற காட்டுங்க."