ஏழு ரிப்பன்களும் ஒரு குட்டியும்

செம்பி என்ற ஆட்டின் மடியில் ஒரு கட்டி வந்தது. அதை அறுத்தெடுத்தபின் பத்து நாள் குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

செம்பி மருத்துவமனைக்குப் புறப்பட்ட காலையில் ஏழு ஆடுகள் கொம்பில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டி வந்து நின்றன. "எல்லாம் உனக்காகத்தான் அக்கா" என்றன.

"அழகாயிருக்கிறது. என் பிள்ளை பத்து நாள் என்ன குடிப்பான்?" என்றாள் செம்பி.

ஏழும் ரிப்பனைச் சரிசெய்துகொண்டன. "கருப்பி வரவே இல்லை, பார்த்தாயா? கட்டக் கொம்பில்லையாம்" என்றது ஒன்று.

செம்பி வைக்கோல் போருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அடுத்தவர் குட்டி அருகே வந்தாலே உதைக்கும் கருப்பி அங்கே அசையாமல் நின்றாள். செம்பியின் குட்டி அவள் மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

"உன் மகன் கடிக்கிறான் அக்கா. பதினோராம் நாள் நீ வந்துவிட வேண்டும்" என்றாள் கருப்பி.