எதிர்க்கடைக் கிளி

டிஸ்க்கை உள்ளே தள்ளினாள்.

மெஷின் மாமனாருடைய சன் கம்ப்யூட்டர். டிஸ்க்கில் இருப்பது அப்பா தன் மேக் கம்ப்யூட்டரில் வரைந்த கிளி. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. புரிந்துவிட்டால் அப்புறம் வியாபாரம் என்ன ஆவது.

சிவகாசியில் அப்பாவின் அச்சகமும் மாமனாரின் அச்சகமும் அப்படித்தான். பிள்ளைகள் காதலித்துத் தொலைத்ததால் கல்யாணம் நடந்தது. அன்றும் அப்பாவும் மாமனாரும் ஆளுக்கொரு பந்தியில்தான் சாப்பிட்டார்கள்.

போன மாதம் அப்பா அச்சகத்தை மூடினார். மேக் எவர் கைக்கோ போயிற்று. தீப்பெட்டிக்காரர் கிளி லேபிள் அடிக்கும் வேலையை மாமனாரிடம் கொடுத்தார்.

அந்த லேபிளைத் தட்டிக்கொண்டுவர மாமனார் போடாத கொட்டேஷன் இல்லை. இப்போது ஆர்டர் இருக்கிறது. கிளி இல்லை.

டிஸ்க் திறக்காவிட்டால் வேறு ஆள், வேறு கிளி. அப்பாவுடையது அதோடு போயிற்று.

மாமனார் பின்னால் வந்து நின்றார்.

"அந்த வீட்டுச் சாமான் நம்ம வீட்ல ஓடாதும்மா."

அவளும் அந்த வீட்டுச் சாமான்தான். மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

சன்னை மேக் வேஷம் கட்டவைக்கும் மென்பொருளைத் தட்டினாள்.

திரை நடுவே ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குள் சின்னதாக ஒரு முகம். சிரித்தது.

மேக்கைப் போட்டதும் முதலில் வரும் சிரிப்பு.

எதிர்க்கடைக்காரன் வந்து நம் கல்லாவில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் தன் கடைக்குப் பில் போடுகிற மாதிரி இருந்தது. கல்லாவும் பேசாமல் திறந்து கொடுத்தது.

மெஷினுக்குள் மெஷின். தான் யார் வீட்டில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

மேலிருந்து கீழாக, வரி வரியாக, கிளி வந்தது.

அவள் மூச்சை விட்டாள்.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மூக்கப் பெருசாக்கு."

ஆக்கினாள்.

"இன்னும்."

திரை முழுக்க ஒரே ஒரு சிவப்பு வளைவு. எங்கேயும் பிசிறு இல்லை. கண்ணாடி வரை விரலைக் கொண்டுபோனவர் தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"ஒரே இழுப்புல வளைச்சிருக்கான், பாவி."

வெகு நேரம் அதையே பார்த்தார். விலை கேட்கிற பார்வை இல்லை. அப்படி ஒரு பார்வை அவரிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

லேபிளின் அடி ஓரத்தில் கடுகளவு எழுத்து. தனுஷ்கோடி லித்தோ ஒர்க்ஸ். அப்பா பெயர்.

அடிக்கிற அச்சகத்தின் பெயர்தான் அங்கே நிற்கும். வேலை கைமாறினால் முதலில் பழைய பெயரை அழிப்பார்கள். அவளே எத்தனையோ பேருடையதை அழித்திருக்கிறாள்.

எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள். விரல் பொத்தான் மேல் நின்றது.

"இரு."

அவள் திரும்பவில்லை.

"சம்பந்தி பேரு இருக்கட்டும். நம்ம பேர அதுக்குக் கீழ போடு."

சம்பந்தி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

மேஜை மேலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தார். வைத்த பிறகும் விரல் எண்கள் மேல் சும்மா நின்றது.

"அப்பா நம்பர் என்னம்மா?"