வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

“உங்க பொண்ணு கிளாஸ்ல என்ன சொன்னா தெரியுமா?” ஹம்சவேணி டீச்சருக்குக் கோபம் அடங்கவில்லை.

எதிரே தாமரைச்செல்வி கையில் கட்டோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் அழகுபாண்டி, மடிப்புக் கலையாத சட்டையில். மகள் பவதாரிணி மேசையோரம் நின்றாள். ஆறாம் வகுப்பு.

“தெரியலயே மிஸ். போன் வந்ததும் ஆரப்பாளையத்துல கடையை அடைச்சிட்டு ஓடியாரோம்” என்றான் அழகுபாண்டி, பணிவாக.

“நேத்து ‘ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்’னு ஒரு இங்கிலீஷ் சொலவடை நடத்தினேன். கோடாலியை ஓங்கி வீசும்போது காம்புலருந்து இரும்பு கழண்டு பறக்கும்ல? அந்த மாதிரி, ஒருத்தர் திடீர்னு கோபத்துல நிதானம் தப்பிப் போனா அப்படிச் சொல்லுவாங்க. கைடு வாக்கியம் வேண்டாம், உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்கன்னேன். ‘மை மதர் ஃப்ளூ ஆஃப் த ஹேண்டில்’ங்கிறா. கொதிக்கிற குழம்பைத் தூக்கி எறிஞ்சீங்களாமே!”

தாமரைச்செல்வி கைக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“பிள்ளை இருக்கிற வீட்டுல அப்படி என்னம்மா கோபம்? பாருங்க, கடைசில உங்க கையே வெந்துபோச்சு.”

“நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன் மிஸ். கேட்டாத்தான?” அழகுபாண்டி பெருமூச்சு விட்டான்.

இப்படித் தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒருத்தியா என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இனிமே கோபப்பட மாட்டேன்னு பிள்ளை முன்னாடி சொல்லுங்க.”

தாமரைச்செல்வி மகளைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“மாட்டேன் மிஸ்.”

இருவரும் கிளம்பினார்கள். டீச்சர் பவதாரிணியின் தலையைத் தடவினார்.

“பயப்படாத. இனிமே அம்மா எதையும் எறிய மாட்டாங்க.”

பவதாரிணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பைக் சத்தம் விளாங்குடி ரோட்டில் தேய்ந்த பிறகுதான் பேசினாள்.

“எறிஞ்சது அப்பா மிஸ்.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்புறம் ஏன்டி அம்மானு சொன்ன?”

“அப்பானு சொன்னா நீங்க அவரைக் கூப்பிட்டுத் திட்டுவீங்க. வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குத்தான் அடி விழும்.”

பவதாரிணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இப்பவும் விழும் மிஸ். கடையை அடைச்சிட்டு வர வச்சிட்டீங்கள்ல.”