பன்னிரண்டாவது விளக்கு

ஐந்தாவது தடவையும் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. பங்களாத் தோட்டத்தின் பன்னிரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

லீவரை மேலே தள்ளும்போதெல்லாம் கிருஷ்ணராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எலக்ட்ரீசியனே கரண்டுக்குப் பயப்படுகிறானே என்று எஸ்டேட்டை நடத்தும் துரை சிரித்தார்.

சிரிப்பு அதோடு சரி. ஆறரைக்குக் கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் வருகிறார்கள். அதற்குள் விளக்கு எரியாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை என்று துரை மத்தியானமே சொல்லிவிட்டார். வேலை இல்லையென்றால் எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுக்கும் லயத்து அறையும் இல்லை.

மூன்று நாள் விடாத மழை. எங்கேயோ கரண்ட் ஈர மண்ணுக்குக் கசிகிறது. அப்படிக் கசிந்தால் ஆளைக் கொல்லவிடாமல் விழுந்துவிடுவதற்குத்தான் அந்த ட்ரிப் சுவிட்ச்.

ஒவ்வொரு விளக்காகக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். துரை குடையும் டோர்ச்சுமாகக் கூடவே வந்தார். மனிதருக்கு இன்றைக்கென்று பார்த்து வேறு வேலையே இல்லை.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது அடிக்கோடியில், லயத்துக்கு இறங்கும் பாதையோரம். அதைக் காலையிலேயே பார்த்துவிட்டதாகச் சொன்னான். வேண்டுமானால் அதை மட்டும் வெட்டிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தான்.

துரை ஒப்பவில்லை. வாகனம் திரும்புகிற இடம் அது.

"அந்த ட்ரிப்பைக் கழட்டிப் போட்டுட்டு நேரா குடு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கிருஷ்ணராஜ் மெயின் சுவிட்சை அணைத்தான். பங்களா முழுக்க இருண்டது. ட்ரிப் சுவிட்சைக் கழற்றினான். வயர்களைச் சேர்த்து முறுக்கினான். ஐந்து நிமிட வேலையைப் பத்து நிமிடமாக இழுத்தும் அது முடிந்துதான் போனது.

துரை மெயின் சுவிட்சில் தானே கையை வைத்தார்.

கோளாறு எங்கே என்று கிருஷ்ணராஜுக்கு முதல் தடவையிலேயே தெரியும். பன்னிரண்டாவது விளக்கிலிருந்து ஒரு வெறுங்கம்பி புல்லுக்குள் இறங்கி, அவன் காய்கறி போட்டிருக்கும் லீக்ஸ் பாத்தியைச் சுற்றிப் போகிறது. போன மாதம் காட்டுப்பன்றிக்காக அவனே இழுத்தது. ட்ரிப் சுவிட்ச் உள்ள லைன் என்பதால்தான் துணிந்தான். பன்றி ஒரு உதை வாங்கிக்கொண்டு ஓடும், யாரும் சாக மாட்டார்கள்.

மனைவி விஜயலெட்சுமிக்கும் அவனே சொல்லிக்கொடுத்திருந்தான். பங்களா விளக்கு அணைந்திருந்தால் கம்பியில் கரண்ட் இல்லை, கையால் தூக்கிவிட்டு உள்ளே போகலாம் என்று.

விடியற்காலை பதுளைச் சந்தைக்குப் போகும் லொறியில் லீக்ஸ் ஏற்ற வேண்டும், இன்றைக்கே பிடுங்கி வைத்தாக வேண்டும். பங்களா இருண்டு பத்து நிமிடமாகிறது. இந்நேரம் அவள் பாத்திக்குள்தான் குனிந்து நிற்பாள்.

அவன் துரையின் கையை அப்படியே அழுத்திப் பிடித்தான். பதினாறு வருடத்தில் ஒரு துரையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"போடாதீங்க தொரை. கடைசி லைட்டுலருந்து பன்னிக்குக் கம்பி இழுத்தது நாந்தான். உள்ளுக்கு என் சம்சாரம் நிக்கிறா."

சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. வேலையும் அறையும் போய்விட்டன என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது.

துரையின் கையை அவன் இன்னும் விடவில்லை.