அவர் பல்லுக்கு ஒரு உறை

“இவியளுக்குத் தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கமாம் டாக்டர். காலையில தாடை வலிக்குன்னு சொல்லுதாவ. நான் மாத்திரை போட்டுத் தூங்குறதால எனக்கு ஒண்ணும் கேக்காது.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, ராஜபாளையம் பல் டாக்டரிடம் கணவர் குருவையாவைக் கூட்டி வந்திருந்தாள் வெங்கடேஸ்வரி. அவர் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பட்டாளத்தில் இருந்த ஒரே மகன் இறந்து எட்டு மாதமாகிறது. அவள் இன்னும் அழவில்லை. யார் விசாரித்தாலும், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பாள்.

டாக்டர் சுமையா குருவையாவின் வாயை வெகுநேரம் பார்த்தார். “இவங்க பல்லு தேயவே இல்லையே. உங்க தாடைதான் இறுகினாப்ல இருக்கு. நீங்க செத்த உக்காருங்கம்மா.”

“எனக்கு எதுக்கு?” என்றபடியே வெங்கடேஸ்வரி உட்கார்ந்தாள்.

அவளுடைய கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. ஒன்றில் விரிசலும் விட்டிருந்தது.

“கடிக்கிறது நீங்கதாம்மா. அளவெடுத்து ஒரு உறை செஞ்சு தாரேன். படுக்கும்போது மாட்டிக்கிட்டா பல்லு இனிமே தேயாது.”

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“உனக்குன்னு சொன்னா நீ வரமாட்டே,” என்றார் குருவையா, தரையைப் பார்த்தபடி. “அதான் எனக்குன்னு சொன்னேன். பையன் போனதுல இருந்து விடிய விடியக் கடிக்கே.”

பசை தடவிய அச்சை டாக்டர் வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். வெங்கடேஸ்வரி கடித்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதை எடுத்த பிறகு, வாயைக்கூடத் துடைக்காமல் கணவரிடம் கேட்டாள்.

“அப்ப இத்தனை நாளா நீங்க தூங்கவே இல்லையா?”